இயங்கிவருகின்றன என்று எழுதிக் கொடுத்தேன்

அந்தச் சான்றிதழில் மொத்தம் நூற்றுப் பதினான்கு சொற்கள். அவற்றில் நூற்றுப் பதின்மூன்று சொற்களுக்கு என்னிடம் ஆவணம் இருந்தது. மீதி ஒரு சொல்லுக்கு இல்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. திருத்தணியில் மலைக்குக் கீழே, பேருந்து நிலையத்திலிருந்து ஐந்நூற்று இருபது தப்படி வைத்தால் என் வீடு. முன்னறைதான் அலுவலகம். நாற்பத்தோரு வருடமாக ஆடிட்டர். நூல் வியாபாரிகள், அரிசி ஆலைகள், கூட்டுறவுச் சங்கங்கள் என்று ஒருகாலத்தில் அறுபத்தேழு கணக்குகள் பார்த்தேன். இப்போது நான்கு. அந்த நான்கில் பெரியது ஒரு சாயத் தொழிற்சாலை நடத்திய அறக்கட்டளை.

லாபம் ஒரு அளவைத் தாண்டினால் கம்பெனி அதில் ஒரு பங்கைப் பொதுநன்மைக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். இந்தக் கம்பெனி அதற்காக ஓர் அறக்கட்டளை தொடங்கியது. தொழிற்சாலைக்கு அருகே, பொதட்டூர்பேட்டைக்குப் போகும் வழியில், ஆறு தெருக்கள் கொண்ட ஒரு நெசவாளர் ஊர். தெருவுக்கு ஒன்றாக ஆறு குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதுதான் அந்த வருடத் திட்டம். பணம் அதற்கே செலவானது என்று வருட முடிவில் நான் சான்று தர வேண்டும்.

முன்பெல்லாம் நான் நேரில் போகாமல் எதிலும் கையெழுத்திட்டதில்லை. ஒரு நூல் கிடங்கில் இருநூற்று நாற்பது பேல், அதாவது நூல் பொதி, என்று கணக்குக் காட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் மாதிரி அடுக்கியிருந்தது. மேல் வரிசையை இறக்கச் சொன்னேன். நடுவில் கிணறு மாதிரி வெற்றிடம். நூற்று முப்பத்திரண்டு பேல்தான் இருந்தது. முதலாளி அன்று எனக்கு வாங்கி வைத்த காபியை நான் குடிக்கவில்லை என்று பல வருடம் பலரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பிறகு முழங்கால் போயிற்று. மலைப்படி ஏறுவதை நிறுத்தினேன், அடுத்த வருடம் நேரில் போய்ப் பார்ப்பதையும் நிறுத்தினேன். இரண்டையும் ஒரே காரணத்தால் நிறுத்தியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியின் கணக்கு மேனேஜர் நல்ல மனிதர் போல் பேசுவார். "நீங்க எதுக்கு சார் இந்த வெயில்ல அலையணும்? எல்லாத்தையும் உங்க டேபிளுக்கே கொண்டாந்துர்றேன்" என்றார். கொண்டுவந்தார். ஆறு பில், ஆறு டெலிவரி சீட்டு, ஆறு படம். வாரம் மூன்று கேன் குடிதண்ணீரும் கம்பெனி வேனில் என் வீட்டுக்கு வரத் தொடங்கியது. நான் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்கவில்லை.

படங்களை நான் எண்ணினேன். ஒவ்வொன்றிலும் ஒரு மெஷின், மேலே தெருப் பெயர் எழுதிய ஒரு பலகை, குடம் பிடித்து நிற்கும் ஒரு பெண். ஆறு பலகை, ஆறு பெண்கள். பில்லோடு ஒத்துப்போயிற்று. பச்சை மையால் ஆறு டிக் போட்டேன்.

சான்றிதழின் வாசகம் தலைமை அலுவலகத்திலிருந்தே அச்சாகி வந்தது, ஆங்கிலத்தில். எங்களிடம் காட்டப்பட்ட ஆவணங்களின்படி இவ்வளவு தொகை செலவிடப்பட்டது, ஆறு நிலையங்கள் அமைக்கப்பட்டன, அவை இயங்கிவருகின்றன. கடைசிச் சொல்லில் என் பேனா நின்றது. ஒரு மெஷின் ஓடுகிறதா என்பதை எந்தப் பில்லும் சொல்லாது. ஐம்பது வயதில் என்றால் அதை அடித்திருப்பேன். அன்று மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தார், மழை வரும் போலிருந்தது, அவர் ஆறு மணிக்குள் சென்னைக்குக் கிளம்ப வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஆடிட்டர் இணையத்தில் பெற வேண்டிய பதினெட்டு இலக்க எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அந்த எண்ணில் ஒரு இலக்கம் தவறாகிவிடக் கூடாதே என்று மூன்று முறை சரிபார்த்தேன்.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் பை.

"ஆடிட்டர் சார் வூடு இதுதானுங்களா?"

"ஆங், நான்தான். உள்ள வாம்மா. உக்காரு."

உட்காரவில்லை. பையிலிருந்து ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்தக் கையெழுத்து உங்குதா சார்?"

"ஆமா."

"அப்போ எங்க ஊருக்கு எப்போ வந்தீங்க?"

"நான் வரலையேம்மா."

"வராமயே மெஷினு ஓடுதுன்னு போட்டுக்கிறீங்களே. கம்பெனிக்காரங்க இத பஞ்சாயத்துல குட்த்துக்கிறாங்க. கிளர்க்கு தமிழ்ல படிச்சி காட்னாரு. ஆறு தெருவுலயும் நல்ல தண்ணி வருதாம். இனிமே தண்ணி லாரி வராதாம். ஆடிட்டரே எழுதிக் குட்த்துட்டாரு, நான் இன்னா பண்றதுன்றாரு."

லாரி நின்று எத்தனை நாள் என்று கேட்டேன்.

"இன்னியோட பதினோரு நாளு. ஒரு நாள் வுட்டு ஒரு நாள் வரும், வூட்டுக்கு நாலு கொடம். அஞ்சு வாட்டி வரணும், வரல. எங்க வூட்டுக்கு மட்டும் இருவது கொடம் போச்சி சார்."

அவளும் எண்ணுகிறவள் என்று அப்போதே தெரிந்தது. ஊரில் போர் தண்ணீர்தான் மிச்சம். ஒரு நாள் குடத்தில் வைத்தால் அடியில் கத்திரிப்பூ நிறத்தில் படிகிறது என்றாள். தொழிற்சாலை வந்த பிறகுதான் இப்படி என்று ஊரில் சொல்கிறார்கள். இல்லை, முன்பே அப்படித்தான் என்று கம்பெனி சொல்கிறது. அவள் புருஷன் இரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர். சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கிறது. போர் தண்ணீரை வாயிலேயே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அவருக்கு மட்டும் கேன் வாங்கி வெக்கிறேன் சார். நான் தறியில உக்காந்துகினு இருக்கச்சே அந்தாளு போய் போர் தண்ணிய மொண்டு குடிக்குது. கேட்டா, கேன் தண்ணி கொழந்தைங்களுக்கு இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னுது. இன்னா பண்றது? அது வாயில பூட்டா போட முடியும்?"

எனக்கு என் தரப்பை நிரூபிக்க வேண்டும் போலிருந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து, ஆறு படங்களையும் வரிசையாகப் பரப்பினேன். "பாரும்மா. ஒவ்வொரு தெருவுலயும் எடுத்த படம். இதைப் பாத்துதான் கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இது நான்."

"எது?"

"எல்லாமே நான்தான் சார்."

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"எங்க தெருவுல ஒரே ஒரு மெஷினுதான் வந்து எறங்கிச்சி. காலண்டருக்கு படம் புடிக்கிறோம், நீ நில்லும்மான்னாங்க. பொடவய மாத்திகினு வா, பொடவய மாத்திகினு வான்னு ஒரே தொல்ல. ரெண்டு பொடவ எங்குது. நாலு அக்கம்பக்கத்துல வாங்கினது. இந்த மஞ்சா இருக்குது பாருங்க, அது எங்க ஓரகத்தியுது, இன்னிக்கும் அழுக்காக்கி குட்த்தேன்னு திட்டுவா. ஒவ்வொரு தபாவும் மேல இருக்குற பலகைய கழட்டி வேற மாட்டுனாங்க. எனக்கு படிக்கத் தெரியும் சார். ஆனா வெயில்ல கண்ணு கூசுது, யாரு மேல பாத்தா?"

லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆறு படத்திலும் குடத்தின் கழுத்தில் ஒரே இடத்தில் ஒரே நெளிவு. வலது முழங்கையில் ஒரே தழும்பு. நான் ஆறு என்று எண்ணி டிக் போட்டது ஒரு குடம், ஒரு மெஷின், ஒரு பெண்.

"ஆறு பேருன்னா நெனச்சிகினீங்க?" என்றாள்.

"ஆமாம்மா."

"எங்க ஊர்ல ஆறு பேரு இவ்ளோ லட்சணமா இருப்பாங்களா சார்?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மெஷினாவது ஓடுகிறதா என்று கேட்டேன். பத்தொன்பது நாள் ஓடியதாம். பிறகு வடிகட்டி அடைத்துக்கொண்டது. கம்பெனி ஆள் வந்து பூட்டுப் போட்டுவிட்டுப் போனவர்தான், திரும்பவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மெஷின்கள் ஓடவில்லை என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் லாரியை மறுபடி விடச் சொல்லிக் கேட்க முடியும் என்று கிளர்க் சொல்லியிருக்கிறார். "நீங்க போட்டது தானே சார். நீங்களே எடுத்துடுங்க" என்றாள்.

"பாத்துட்டுச் சொல்றேன்."

"எப்போ?"

"ஒரு வாரம் குடு."

ஒரு வாரம் என்றால் மூன்று லாரி, பன்னிரண்டு குடம் என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று மதியம் மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கலக்கம் தந்தது.

"சார், பதட்டப்படாதீங்க. சப்ளையர் ஒரு மெஷின்தான் அனுப்பினான், மிச்சம் அஞ்சும் அடுத்த காலாண்டுல வந்துரும். வருஷம் முடியறதுக்குள்ள செலவு காட்டணும், அதான் படத்தை முன்னாடியே எடுத்துட்டாங்க. எல்லா ஊர்லயும் நடக்கறதுதான் சார்."

"இயங்கிவருதுன்னு நான் எழுதியிருக்கேனே."

"எழுதிட்டீங்க இல்ல? இப்போ இல்லன்னு எழுதினா, முன்னாடி எழுதினது பொய்யின்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும். உங்க ஆடிட்டர் இன்ஸ்டிட்யூட் சும்மா விடுமா? நாப்பது வருஷப் பேரு சார். யோசிங்க." பிறகு குரலைத் தணித்தார். "அந்தம்மாதான பிரச்சனை? அவங்க வீட்டுக்கு வாரம் நாலு கேன் அனுப்பிடறேன். முடிஞ்சு போச்சு."

முடிந்து போனதாகவே நானும் நம்ப விரும்பினேன். அவள் கவலை புருஷனைப் பற்றித்தானே, அவருக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் போதுமே என்று ஒரு வாரம் என்னையே சமாதானம் செய்துகொண்டேன். இன்னொரு பக்கம் கடிதமும் எழுதிப் பார்த்தேன். ஏழு வரைவு. முதல் வரைவில் 'தவறு' என்று இருந்தது. மூன்றாவதில் 'கவனக்குறைவு' ஆயிற்று. ஏழாவதில் 'பின்னர் கிடைத்த தகவல்களின் அடிப்படையில்' என்று தொடங்கி, யார் என்ன செய்தார் என்பதே இல்லாமல் முடிந்தது. அப்படி எழுதுவதில் எனக்கு நாற்பத்தோரு வருட அனுபவம். ஏழு வரைவுகளையும் மேசை இழுப்பறையில் போட்டேன்.

ஒன்பதாம் நாள் அவள் மறுபடி வந்தாள்.

"கேன் வந்துச்சாம்மா?" என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"வந்துச்சி. வேன்ல நாலு. தெருவுல முப்பத்தெட்டு வூடு. எல்லாரும் வாசல்ல நின்னு பாத்துகினு இருக்காங்க. எப்டி சார் தூக்கி உள்ள வெக்கிறது? திருப்பி அனுப்பிட்டேன்."

"உன் வீட்டுக்காரருக்காக வாங்கியிருக்கலாமே."

"அதுவே வேணாம்னுட்ச்சி. நாளைக்கு ஒரு தறி ரிப்பேருன்னா வாசல்ல நின்னு பாத்தாங்களே, அதே வூடுங்களுக்குதான் சார் நான் போய் நிக்கணும்." பிறகு கேட்டாள். "எழுதிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டிருக்கேன்."

"ஒரு வரி தானே சார்?"

அவள் போன பிறகு என் மனைவி முன்னறைக்கு வந்தாள். என் எதிரில் அவள் உட்கார்ந்தால் விஷயம் சாதாரணமில்லை என்று அர்த்தம்.

"எத்தினி பேப்பர் கிழிச்சிருப்பீங்க?"

"கிழிக்கல. ஏழும் இருக்கு."

"அதையும் எண்ணி வெச்சிருக்கீங்க." பிறகு கேட்டாள். "நம்ம வீட்டுக்கு வர்ற மூணு கேன நீங்க ஏன் திருப்பி அனுப்பல?"

அடுத்த வேன் வந்தபோது அவளே வாசலில் நின்று வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகும் நான் கடிதத்தை அனுப்பவில்லை. காரணங்கள் இருந்தன. ஒழுங்கு நடவடிக்கை வரலாம். என் வருமானத்தில் பாதி போய்விடும். மற்ற மூன்று கணக்குக்காரர்களும் பயந்து விலகலாம். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். எல்லாவற்றையும் கூட்டினாலும் என் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக்குக் குறை வந்திருக்காது என்பதும் உண்மை. அந்தக் கூட்டலை நான் அப்போது போடவில்லை.

மூன்றாவது முறை அவள் வரவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அதுவே தொந்தரவாயிற்று. தெருவில் பிளாஸ்டிக் பையோடு யார் போனாலும் எட்டிப் பார்த்தேன். அவள் முதலில் வந்ததிலிருந்து இருபத்து மூன்றாம் நாள் காலை, முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறினேன்.

அந்த ஊரின் ஆறு தெருக்களையும் நடந்தேன். வலி தாங்காமல் ஒன்பது இடத்தில் நின்றேன். ஐந்து தெருவில் மெஷின் இருந்ததற்கான அடையாளமே இல்லை, ஒரு சிமென்ட் மேடைகூட இல்லை. ஆறாவது தெருவில் அது நின்றிருந்தது, படத்தில் பார்த்த அதே நீலப் பெட்டி. பூட்டில் துரு. மேலே மாட்டியிருந்தது வேறொரு தெருவின் பெயர்ப் பலகை. கடைசியாக எடுத்த படத்துக்கு மாட்டியதை யாரும் கழற்றவில்லை. உள்ளே வீடுகளில் தறிச் சத்தம் விடாமல் கேட்டது.

குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள் என்னைப் பார்த்ததும் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். ஒருத்தி தமிழில் கேட்டாள்.

"இன்னா பெரியவரே, படம் புடிக்க வந்தீங்களா?"

"இல்லம்மா. பாக்க வந்தேன்."

"பாருங்க, பாருங்க. துட்டா காசா. நல்ல பொடவ கட்டிகினு வரணும்னா சொல்லிடுங்க, பொட்டியில இருக்குது."

மற்றவள் சிரித்தாள். நான் தேடி வந்த பெண்ணின் வீட்டைக் கேட்டேன். சிரிப்பு நின்றது. வீடு பூட்டியிருக்கிறது என்றாள் முதல் பெண்.

"பாவாவ, அதான் அக்கா வூட்டுக்காரர, திருவள்ளூர் ஆஸ்பத்திரில சேத்துக்குது. மூணு நாளாச்சி. கை காலு மூஞ்சி எல்லாம் ஊதிப்போச்சி. அக்கா கூடவே இருக்குது. நீங்க யாரு, சொந்தமா?"

நான் ஆடிட்டர் என்றேன். அவள் ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் கிளர்க்கின் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். தமிழில் எழுதினேன். 'நான் நேரில் பார்க்காமல் சான்று கொடுத்தேன். இன்று நேரில் பார்த்தேன். ஆறு நிலையங்களில் ஐந்து இல்லை. இருக்கும் ஒன்றும் இயங்கவில்லை. என் சான்றிதழைத் திரும்பப் பெறுகிறேன். அதை நம்பி நிறுத்திய தண்ணீர் லாரியை மீண்டும் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.' எழுதி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. ஒரு நகல் அறக்கட்டளைக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று என் தொழில் அமைப்புக்கு. கிளர்க் வாங்கிப் படித்துவிட்டு, "இத அன்னிக்கே குடுத்திருந்தீங்கன்னா சார்" என்று ஆரம்பித்தார், முடிக்காமல் முத்திரையைக் குத்தினார்.

அறக்கட்டளை பதினைந்து நாளில் வேறு ஆடிட்டரை வைத்துக்கொண்டது. தொழில் அமைப்பிலிருந்து என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, நடந்ததை நடந்தபடி பதில் எழுதினேன். முடிவு இன்னும் வரவில்லை. மற்ற மூன்று கணக்குகளில் ஒன்று போயிற்று.

அவளுடைய புருஷனின் நோய்க்குத் தண்ணீர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. முன்பே இருந்த நோய் அது. லாரி நின்ற நாள் முதல் நான் எழுதிய நாள் வரை முப்பத்து நான்கு நாள். அவள் என்னிடம் வருவதற்கு முந்திய நாட்களைக் கம்பெனியின் கணக்கில் எழுதலாம் என்று சில சமயம் தோன்றும். ஆனால் லாரியை நிறுத்தியது என் கையெழுத்து. அவள் வந்த பிறகு ஓடிய இருபத்து மூன்று நாளில் அந்த மனிதர் எத்தனை செம்பு போர் தண்ணீர் குடித்தார் என்பதற்கு ஆவணம் எதுவும் கிடையாது. இப்போதும் மனம் அதைக் கூட்டிப் பார்க்கிறது, தொகை நிற்பதில்லை.

கடிதம் கொடுத்த பதினேழாம் நாள் காலையில் அவளே போன் செய்தாள். போன் எண்ணை என் சான்றிதழின் தலைப்பிலிருந்து எடுத்ததாகச் சொன்னாள்.

"லாரி வந்துட்ச்சி சார். நேத்திலருந்து."

"நாலு குடம் தர்றாங்களாம்மா?"

"ஆங், நாலு. எப்பவும் போலத்தான்."

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"வூட்டுக்கு கூட்டிகினு வந்துட்டோம். வாரத்துக்கு ரெண்டு தபா திருவள்ளூருக்கு போயி ரத்தம் சுத்தம் பண்ணணும். தறிய அவரு தம்பி ஓட்டுறாரு." அங்கே பின்னால் குடங்கள் இடிபடும் சத்தம், யாரோ யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லித் திட்டும் சத்தம். "டாக்டரு அவருக்கு தண்ணி அளவு போட்டுட்டாரு சார். ஒரு நாளைக்கு மூணு டம்ளருதான். அதுக்கு மேல ஒரு வாய் குடிச்சாலும் மூச்சு முட்டுமாம். நான்தான் அளந்து ஊத்தி குடுக்குறேன். தாகம், தாகம்னு அழுவுது."

நான் ஏதாவது சொல்ல வேண்டும். வாயில் வந்ததெல்லாம் ஏழு வரைவுகளில் எழுதியது போலவே இருந்தது.

"சரி சார், வெச்சிடறேன். என் கொடம் வரிசையில இருக்குது" என்றாள்.